பழுதுற்ற வண்டியும் விற்றோன் பொறுப்பும்

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கலாகாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. அப்பழமொழியினுள்ளே சொல்லாமற் சொல்லப்பட்ட மற்றொரு கருத்தும் உண்டு. இனாமாக வந்த மாட்டின் பல்லைத்தான் பார்க்கலாகாது. விலை கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பார்த்தே தீரவேண்டும் என்பதே அது. மாடு வாங்கச் சந்தைக்குச் செல்பவன் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், நாலடி நடத்தியும் பார்ப்பான். அவ்வாறு பாராது வாங்கி ஏமாந்தவனுக்கு ஊரார் இரங்குவது அரிது.

ஆயின், மோட்டார் வண்டிக்குப் பல் இல்லை. புதிதாக மினுக்கிய வர்ணத்தின் கீழே துருப்பிடித்த தகடு இருக்கலாம். இனிய ஓசையுடன் ஓடும் எஞ்சினுள்ளே தேய்ந்துபோன உறுப்பு இருக்கலாம். பாவித்த வண்டியொன்றை வியாபாரியிடம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் அது பழுதுள்ளதெனத் தெரியவருமாயின், அந்த நட்டத்தை ஏற்கவேண்டியவர் யார்? வாங்கியவரா, விற்றவரா? பலருக்கு வீட்டுக்கு அடுத்தபடியாக வாழ்நாளிற் செய்யும் பெருஞ் செலவு வண்டி வாங்குவதே. ஆதலின் இக்கேள்வி வழக்கறிஞருக்கு மட்டும் உரியதன்று. இதற்கு விடை காண மனிதர் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் முயன்றிருக்கின்றனர். அவ்வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

பண்டை உரோமாபுரியிலே சந்தைகளை மேற்பார்வை செய்வதற்கு ஈடில் எனப்படும் அதிகாரிகள் இருந்தனர். அக்காலச் சந்தைகளில் அடிமைகளும் கால்நடைகளும் விலைப்பட்டன. மனிதரை விலை கூறிய அக்கொடுமையை நாம் இன்று வெறுத்து ஒதுக்குகிறோம். எனினும், அச்சந்தையை ஒழுங்குபடுத்த எழுந்த விதியொன்று பிற்காலச் சட்டங்களுக்கு வித்தாயிற்று. விற்பனைக்கு வைத்ததிலுள்ள நோயையும் குறையையும் விற்போன் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்று ஈடில்கள் கட்டளையிட்டனர். அறிவிக்காத குறை பின்னர் வெளிப்பட்டால், கொண்டவன் ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையை மீளப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் வழக்கிட்டு விலையிற் குறைப்புப் பெறலாம். குறை இருந்தது எனக்கே தெரியாது என்று விற்றவன் சொல்வது செல்லாது. தன் பொருளை அறிந்திருக்கவேண்டியவன் அவனே என்பது உரோமர் கொள்கை.

இங்கிலாந்தின் சட்டமோ நெடுங்காலம் வேறு வழியிற் சென்றது. 1603ஆம் ஆண்டில் அங்கே ஒரு வழக்குத் தீர்க்கப்பட்டது. பொற்கொல்லன் ஒருவன் நூறு பவுணுக்கு ஒரு கல்லை விற்றான். அது பெசோவார் என்னும் கல் என்றான். ஆட்டின் வயிற்றில் விளையும் அக்கல் நஞ்சை முறிக்கவல்லது என அக்காலத்தவர் நம்பினர். வாங்கிய பின்னரோ அது பெசோவார் அன்று எனத் தெரியவந்தது. நீதிமன்று என்ன கூறிற்று? பொற்கொல்லன் அதனைப் பெசோவார் என்று சொன்னானேயன்றி, அதற்கு உத்தரவாதம் அளித்தான் இல்லை. ஆகவே வழக்கு நில்லாது என்றது. கொள்வோனே, விழித்திரு என்று பொருள்படும் இலத்தீன் வாசகம் ஆங்கில வாணிபத்தின் தாரகமந்திரமாயிற்று.

இவ்விதி அக்காலத்துக்கு முற்றிலும் பொருந்தாதது என்றும் சொல்வதற்கில்லை. வாங்குவோனும் விற்போனும் நேரே நின்று, பண்டத்தைக் கையால் எடுத்துப் பார்த்துப் பேரம் பேசிய காலம் அது. பொருளைப் பற்றி இருவருக்கும் இருந்த அறிவு ஏறத்தாழச் சமமாயிருந்தது. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகின. கப்பல்கள் கடல் கடந்து சரக்கைக் கொணர்ந்தன. காணாத பொருளை மக்கள் வாங்கத் தொடங்கினர். அப்பொழுது பழைய விதி தளர்ந்தது. 1815இல் கழிவுப் பட்டு பற்றிய வழக்கொன்றில், பொருளை முன்கூட்டிப் பார்க்க வாய்ப்பில்லாதபோது, அப்பெயரால் சந்தையில் விலைபோகக்கூடிய தரமேனும் அதற்கு இருத்தல் வேண்டும் என்று எலன்பரோ பிரபு தீர்த்தார். குப்பைமேட்டிற் கொட்டுவதற்காக எவரும் பொருள் வாங்குவதில்லை என்பது அவர் காட்டிய நியாயம். 1829இல், கப்பலின் அடிப்பாகத்தில் அறைவதற்கென வாங்கிய செப்புத் தகடு, நான்கு ஆண்டு நிற்கவேண்டியது நான்கே மாதத்தில் அரித்துப்போயிற்று. இன்ன தேவைக்கு என்று அறிந்து விற்றவன், அத்தேவைக்கு அது தகுதியானது என்பதற்குப் பொறுப்பாளி என்று அவ்வழக்கு முடிந்தது.

இத்தகைய தீர்ப்புகளையெல்லாம் தொகுத்து மக்கென்சி சால்மர்ஸ் என்பவர் வரைந்ததே 1893ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொருள் விற்பனைச் சட்டம். அதில் இரண்டு நிபந்தனைகள் முதன்மையானவை. விற்பனையையே தொழிலாகக் கொண்டவனிடம், இன்ன தேவைக்கு என்று அறிவித்து, அவன் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு நியாயமான அளவு தகுதியுடையதாயிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அத்தகைய பொருளை விற்கும் வியாபாரியிடம் விவரணத்தின்படி வாங்கினால், அது விற்பனைக்குரிய தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. எவரும் வாய் திறந்து சொல்லாவிடினும் இந்நிபந்தனைகள் ஒப்பந்தத்தினுள் அடங்கியனவாகவே கொள்ளப்படும்.

இவ்விடத்தில் நம் நாட்டின் கதையும் வந்து சேர்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியின் வழியாக இலங்கைக்கு வந்தது உரோம ஒல்லாந்தச் சட்டம். உரோமாபுரி ஈடில்கள் வகுத்த பரிகாரங்கள் அச்சட்டத்தின் ஓர் அங்கமாய் இங்கேயும் வழங்கின. பின்னர், ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அன்று தொட்டு, அசையும் பொருள்களின் விற்பனையைப் பொறுத்தவரை, நாம் உரோமாபுரியின் வழியை விட்டு இலண்டனின் வழியிற் செல்வோரானோம். அதனாலேதான் இங்கிலாந்தில் நிகழ்ந்த மோட்டார் வண்டி வழக்குகள் நமக்கும் அயலானவையல்ல.

அவற்றுள் ஒன்று 1923இல் நிகழ்ந்தது. வியாபாரி ஒருவர் 334 பவுணுக்கு ஒரு காரை வாங்கி, வர்ணம் பூசி, வேறொருவருக்கு விற்றார். சில மாதங்களின் பின்னர் அது களவு போன கார் என்று பொலிசார் கைப்பற்றினர். காரைச் சில மாதம் பாவித்தாயிற்றே, அதற்குரிய தொகையைக் கழிக்கவேண்டாமா என்ற வாதம் எழுந்தது. தனக்கு உரிமையில்லாத பொருளை விற்றவன் எதனையுமே விற்கவில்லை. ஆதலால் முழு விலையையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்று கூறிற்று. 1920களின் நடுவில் எழுந்த வேறொரு வழக்கிலே, நெடும்பயணத்துக்கு ஏற்ற, வசதியான கார் வேண்டுமெனக் கேட்டவருக்கு வியாபாரிகள் புகாட்டி என்னும் வண்டியை விற்றனர். அது விரைந்து ஓடத்தக்கதேயன்றி வசதியானதன்று. பெயர் சொல்லி வாங்கினீர், ஆகவே பொறுப்பு உம்முடையது என்று விற்றவர்கள் வாதித்தனர். வாங்கியவர் நம்பியது வண்டியின் பெயரையன்று, விற்றோரின் சொல்லையே என்று கூறி நீதிமன்று அவ்வாதத்தைத் தள்ளியது.

இனி, நேயர்களே, சட்டம் ஒரு கையாற் கொடுத்ததை அச்சுத்தாள் மறு கையாற் பறித்த கதைக்கு வருவோம். 1893ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு வாயில் திறந்திருந்தது. இரு திறத்தாரும் உடன்பட்டால் மேற்கூறிய நிபந்தனைகளை நீக்கிக்கொள்ளலாம் என்பதே அது. சமமான வலிமையுள்ள இரு வணிகரிடையே இது நியாயமே. ஆனால், தவணை முறையில் வண்டி வாங்க வந்த சாதாரண மனிதரின் முன்னே, நுண்ணெழுத்தில் அச்சிட்ட படிவம் நீட்டப்பட்டது. வண்டியின் வயதுக்கோ நிலைக்கோ தகுதிக்கோ யாதோர் உத்தரவாதமும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அவர் படிக்கவில்லை, படித்திருந்தாலும் அதை மாற்ற அவரால் முடியாது. கையொப்பம் இட்டார், உரிமையை இழந்தார்.

1956ஆம் ஆண்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், மூன்று வழக்குகள் இவ்விடயத்தின் மூன்று பக்கங்களை வெளிச்சமிட்டுக் காட்டின.

முதலாவது, ஒரு பியூக் கார். வாங்க வந்தவர் பார்த்தபோது அது நல்ல நிலையிலிருந்தது. சில நாட்களின் பின்னர், ஓர் இரவு, அது கயிறு கட்டி இழுத்துவரப்பட்டு அவர் கராஜின் முன்னே விடப்பட்டது. புதிய ரயர்கள் போய்ப் பழைய ரயர்கள் வந்திருந்தன. வானொலிப் பெட்டி கழற்றப்பட்டிருந்தது. எஞ்சினின் தலைப்பாகம் பிரிக்கப்பட்டு, வால்வுகள் கருகி, பிஸ்டன்கள் உடைந்திருந்தன. உத்தரவாதமில்லை என்னும் வாசகத்தைக் காட்டிப் பணம் கேட்டனர். ஓடாத வண்டி வண்டியே அன்று; ஒப்பந்தத்தின் அடிவேரையே அறுத்தவர் அவ்வாசகத்தின் நிழலில் ஒதுங்க முடியாது என்றது மேன்முறையீட்டு நீதிமன்று.

இரண்டாவது, 1934ஆம் ஆண்டில் செய்த ஸ்டாண்டர்ட் கார். வியாபாரி அதைப் புகழ்ந்து, தன் உயிரையே அதன்மேற் பணயம் வைப்பேன் என்ற பொருளிற் பேசினார். ஒரு வாரம் செல்லுமுன் சுக்கான் பழுதுற்று, வண்டி லொறியொன்றுடன் மோதியது. பணயமானது வியாபாரியின் உயிரன்று, வாங்கியவரே படுகாயமுற்றார். வண்டியைச் சட்டப்படி விற்றது நிதிக் கம்பனியேயன்றி வியாபாரியன்று; எனினும் அவர் சொன்ன சொல்லுக்கு அவர் பொறுப்பாளி என்று தீர்ப்பாயிற்று. அன்றியும், திறமையுள்ள தொழிலாளி ஒருவர் முன்சக்கரங்களை உயர்த்திப் பார்த்திருந்தால் அப்பழுதைக் கண்டிருப்பார். அவ்வாறு பார்ப்பிக்காமல் வீதிக்கு விட்டது கவனக்குறைவு எனவும் கொள்ளப்பட்டது.

மூன்றாவது, சற்று விசித்திரமானது. தனிமனிதர் ஒருவர் தம் மொரிஸ் காரை ஒரு வியாபாரிக்குக் கொடுத்தார். அது 1948ஆம் ஆண்டின் வண்டி என்று பதிவேட்டைக் காட்டிச் சொன்னார். உண்மையில் அது 1939இன் வண்டி. பதிவேடு முன்னமே எவராலோ திருத்தப்பட்டிருந்தது. வியாபாரி வழக்கிட்டுத் தோற்றார். அத்தனிமனிதர் தாம் கண்டதைச் சொன்னாரேயன்றி வேறறியார். வண்டிகளைப் பற்றிய அறிவு வியாபாரியிடமே இருந்தது என்பது காரணம். ஒன்பது ஆண்டுகளின் பின், 1965இல், இதற்கு நேர்மாறான வழக்கு வந்தது. பென்ட்லி கார் ஒன்று, எஞ்சின் மாற்றிய பின் 20,000 மைலே ஓடியது என்று வியாபாரி கூறினார். உண்மையில் அது ஏறத்தாழ 100,000 மைல் ஓடியிருந்தது. இம்முறை வியாபாரி பொறுப்பாளியானார். உண்மையை அறியும் வசதி அவரிடம் இருந்தது என்றார் டெனிங் பிரபு.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து நோக்கின், இவ்வரலாற்றின் உட்பொருள் புலனாகும். பொறுப்பு அறிவைத் தொடர்ந்து செல்கிறது. எவரிடம் அறிவும் அறியும் வாய்ப்பும் உண்டோ, அவரே விடை கூறவேண்டும். உரோமாபுரிச் சந்தையின் விதி இரண்டாயிரம் ஆண்டு சுற்றி வந்து மீண்டும் அதே இடத்தில் நிற்கிறது.

அப்படியானால் பாவித்த வண்டியிற் காணும் ஒவ்வொரு குறைக்கும் வியாபாரி பதில் சொல்லவேண்டுமா? இல்லை. 1965இல் ஒருவர் பாவித்த ஜாகுவார் காரை வாங்கினார். கிளச்சிற் குறை உண்டு என வியாபாரி முன்னமே சொல்லி, 25 பவுண் குறைத்துக் கொடுத்தார். நான்கு வாரம், 300 மைல் ஓடிய பின்னர், திருத்தச் செலவு எதிர்பார்த்ததைவிட அதிகமாயிற்று. வழக்குத் தோற்றது. பாவித்த வண்டி புதிய வண்டியாகாது. ஓடக்கூடிய நிலையிலிருந்தாற் போதும். சிறு குறைகள் இன்றோ நாளையோ வெளிப்படும் என்பதை வாங்குவோர் எதிர்பார்க்க வேண்டும் என்றது நீதிமன்று. 1970களின் நடுப்பகுதியிலே மற்றொரு ஜாகுவார் நீதிமன்று ஏறியது. எட்டு வயது, 82,000 மைல் ஓடியது. வாங்கி மூன்றே வாரத்தில், 2,300 மைல் அளவில், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இங்கே வாங்கியவர் வென்றார். விற்கும்போதே எஞ்சின் முடியும் நிலையில் இருந்தது என்பது தெளிவாயிற்று. குறையை முன்னரே சொன்ன வியாபாரியை முதல் வழக்குக் காத்தது. ஓடாத எஞ்சினை விற்றவரை இரண்டாவது வழக்குப் பிடித்தது. நேர்மைக்கு இதனினும் நல்ல பாதுகாப்பு வேறில்லை.

இதனைப் பொருளியல் நோக்கிலும் விளக்கினார் ஓர் அமெரிக்க அறிஞர். ஜோர்ஜ் ஆகர்லோவ் என்னும் அவர் 1970இல் வெளியிட்ட கட்டுரை பாவித்த கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டது. நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்பது விற்போருக்குத் தெரியும், வாங்குவோருக்குத் தெரியாது. ஆதலால் வாங்குவோர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கொடுக்க இசைவர். அவ்விலைக்குத் தன் நல்ல வண்டியைக் கொடுக்க எவரும் விரும்பார். நல்லவை விலக, கெட்டவையே சந்தையில் எஞ்சும். இக்கருத்து அவருக்கு 2001இல் நோபல் பரிசைத் தேடித் தந்தது. இதன்படி பார்த்தால், உத்தரவாதமும் சட்டமும் வாங்குவோரை மட்டும் காப்பனவல்ல. நாணயமான வியாபாரியையும் காப்பனவே.

இங்கிலாந்துப் பாராளுமன்றம் மெல்ல விழித்தது. நுகர்வோர் பாதுகாப்பை ஆராய நியமிக்கப்பட்ட மொலோனி குழு, 1962இல் தன் இறுதி அறிக்கையைச் சமர்ப்பித்து, உரிமையைப் பறிக்கும் வாசகங்களைத் தடுக்குமாறு கூறிற்று. பதினொரு ஆண்டு கழிந்து, 1973இல், நுகர்வோரின் தரவுரிமையை அச்சுத்தாளால் நீக்க முடியாது என்று சட்டமாயிற்று. 1977இன் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. பியூக் வழக்கில் நீதிபதிகள் கைக்கொண்ட விதியைப் பிரபுக்கள் சபை 1980இல் ஏற்க மறுத்தது. ஆயினும், அதற்குள் பாராளுமன்றமே வேலி அமைத்துவிட்டது.

எஞ்சி நின்றது காலம் என்னும் பகை. 1980களில், புதிய கார் வாங்கிய ஒருவரின் எஞ்சின் மூன்றே வாரத்தில், 140 மைல் ஓடிய நிலையில், பழுதுற்றது. நட்டஈடு உண்டு; ஆனால் காரைத் திருப்பிக் கொடுக்கும் காலம் கடந்துவிட்டது என்று தீர்ப்பாயிற்று. எத்தனை நாள் என்பதைச் சட்டம் சொல்லாததால் வந்த அல்லல் அது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அதனைத் தெளிவாக்கிற்று. வியாபாரியிடம் வாங்கிய பொருள் குறையுடையதாயின், 30 நாட்களுக்குள் அதை மறுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அதன்பின் திருத்துவதற்கு வியாபாரிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. திருந்தாவிடின் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது விலையைக் குறைப்பிக்கலாம். திருத்தமோ விலைக்குறைப்போ கோரும்போது, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்றபோதே இருந்தது என்று கொள்ளப்படும். அன்று என நிரூபிப்பது வியாபாரியின் கடன்.

இலங்கையிலே 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே இன்றும் அடித்தளம். அதன்மேல், உரிமை நீக்கும் வாசகங்களைக் கட்டுப்படுத்த 1997இல் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டமும், 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் ஏற்பட்டன. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளித்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி அவ்வதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். ஆனால் முப்பது நாள் என்பது போன்ற தெளிவான வரம்பு நம் கட்டளைச் சட்டத்தில் இல்லை. ஆகவே, குறை கண்டவர் தாமதித்தல் தகாது. கண்ட அன்றே வியாபாரிக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். வாங்குமுன் வியாபாரி சொன்னவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்தல் வேண்டும். என்ன தேவைக்கு வண்டி வேண்டும் என்பதைச் சொல்லி வாங்குதல் வேண்டும்; ஏனெனில், சொன்ன தேவைக்கே தகுதியுரிமை உண்டு. தனிமனிதரிடம் வாங்குவோருக்கோ இத்தரவுரிமைகள் பெரும்பாலும் இல்லை. அங்கே பழைய இலத்தீன் வாசகமே இன்னும் ஆட்சி செய்கிறது.

நேயர்களே, கொள்வோன் விழித்திருத்தல் நன்றே. நம்பத்தகுந்த தொழிலாளி ஒருவரை அழைத்துச் சென்று வண்டியை நோக்குவது எக்காலத்துக்கும் ஏற்ற விவேகம். ஆனால், விழித்திருந்தும் காண முடியாததைக் காணவில்லை என்பதற்காக ஒருவரைத் தண்டிப்பது நீதியன்று. அறிந்தவன் சொல்லவேண்டும்; சொல்லாதவன் ஏற்கவேண்டும். ஈடில்கள் உரோமாபுரிச் சந்தையில் நிலைநாட்டிய அச்சிறு நியாயத்தை மீட்டுக்கொள்ளவே இத்தனை நூற்றாண்டும் இத்தனை வழக்குகளும் வேண்டியிருந்தன.